நானா வாசித்த பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது ஐந்து மாதமும் சில நாட்களும்தான். மாணவர்கள் மூன்று பேர். பன்னிரண்டு வயதில் எங்கள் அண்ணனான நானா, பத்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்த நான், ஏழு வயதில் தம்பி. ஆசிரியர்கள் வாப்பாவும் உம்மாவும். ஆங்கிலத்துக்கு மட்டும் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வெளியிலிருந்து வந்தார். அதிபர் யார் என்பதில் கடைசிவரை தெளிவில்லை. தண்டனை கொடுக்கும்போது வாப்பா அதிபராக இருந்தார், மன்னிக்கும்போது உம்மா.

அப்போது நாங்கள் பலாபத்வலையில் இருந்தோம். மாத்தளையிலிருந்து வடக்கே போகிற பெரிய வீதியின் ஓரத்தில் வாப்பாவின் கடை. சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் வாங்கி, காயவைத்து, மூட்டையாக்கி அனுப்புவார். கடைக்குப் பின்னால் இருந்த சரிவில் இறங்கினால் எங்கள் வீடு. பாயில் மிளகு காய்கிற நாட்களில் வீட்டுக்குள் இருக்கிற எல்லோருக்கும் தும்மல் வரும்.

வாப்பா மார்க்கத்தில் பிடிப்பான மனிதர். ஐந்து நேரத் தொழுகைக்கும் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். வீட்டில் டீவி வாங்கவில்லை. கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் சாப்பிட்ட கையைக் கழுவியதும் புறப்பட்டுவிடுவார். அதனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்போவதாக அவர் சொன்னபோது ஊரில் யாரும் காரணம் தேடிக்கொண்டிருக்கவில்லை. காரணம் அவருடைய தாடியிலேயே இருந்தது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது வருடத்தின் முதலாம் தவணை தொடங்குவதற்கு முந்தைய நாள். பகல் சாப்பாடு முடிந்திருந்தது. வாப்பா எங்கள் மூவரையும் பாயில் உட்காரச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குப் பேச்சுத் தொடங்கச் சிரமமாக இருந்தால் அப்படிச் செய்வார்.

“நாளைலருந்து நீங்க மூணு பேரும் ஸ்கூலுக்குப் போறல்ல. வீட்டுல படிக்கிற. நானும் உம்மாவும் படிச்சிக் குடுப்போம்.”

பிறகு காரணங்களைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் கெட்டுப்போகிறது, தொழுகை நேரம் தவறுகிறது, கலைவிழா என்று ஆட்டமும் பாட்டும் நடக்கிறது, உலகப் படிப்பு வேண்டியதுதான், ஆனால் ஈமானை விற்று அதை வாங்க முடியாது என்றெல்லாம் நீளமாகப் பேசினார். தம்பிக்கு முதல் வாக்கியமே போதுமாயிருந்தது. அவன் எழுந்து ஒரு முறை குதித்துவிட்டு உட்கார்ந்தான். நானா பாயின் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழத் தொடங்கினேன்.

எனக்கு அழுவதற்கு நியாயம் இருந்தது. மறுநாள் நான் ஐந்தாம் தரத்துக்குப் போக வேண்டும். அந்த வருடம்தான் புலமைப்பரிசில் பரீட்சை. நான்கு வருடமாக வகுப்பில் முதலாம் பிள்ளை. இவள் நிச்சயம் எடுப்பாள் என்று எங்கள் டீச்சர் உம்மாவிடமே சொல்லியிருந்தார். எடுத்தால் மாத்தளை டவுனில் பெரிய பள்ளிக்கூடம், பேப்பரில் படம். அந்தப் படத்துக்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதைக்கூட நான் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தேன்.

இதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்த வேறொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வருடக் கடைசி நாட்கள். நானா ஆறாம் தரத்தில் இருந்தார். அவருக்கு வாசிப்பு வரவில்லை. வரவில்லை என்றால் குறைவாக வந்தது என்றல்ல. எழுத்துகள் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். மூன்று சேர்ந்து நின்றால் பிடிபடாது. ஒரு வரியைக் கொடுத்தால் வியர்த்துப்போவார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஒரு சேர், வாசிக்கப் பழகும்வரை போய்க் கீழே இருக்கட்டும் என்று அவரை முதலாம் தரத்துக்கு அனுப்பிவிட்டார். தம்பி அந்த வகுப்பில்தான் இருந்தான்.

அதை வீட்டுக்குச் சொன்னவன் தம்பிதான். நாலாம் நாள் சாப்பிடும்போது, மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னான்.

“நானா இப்ப எங்கட கிளாஸ்ல. கடைசி வாங்குல இரிக்கி. கால் மடக்க ஏலாம வெளிய நீட்டிக்கொண்டு இரிக்கி.”

நான் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். நானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாப்பாவின் கை பீங்கானில் நின்றுவிட்டு மறுபடி அசைந்தது. அதற்குப் பிறகு அந்த வருடம் மீதியிருந்த நாட்களுக்கு நானாவுக்குக் காய்ச்சல் என்று உம்மா பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். விடுமுறை வந்தது, ஒரு மாதம் போனது. பத்து வயதில் ஒரு மாதம் என்பது மிக நீண்ட காலம். வாப்பா பாயில் உட்கார்ந்து மார்க்கத்தைப் பற்றிப் பேசியபோது அந்தச் சாப்பாட்டு நேரம் என் ஞாபகத்திலேயே இல்லை.

ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் பேசிய விதம் வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தினால் அது செய்தியே அல்ல. ஆண்பிள்ளைகளை நிறுத்தியதுதான் செய்தியானது. வாப்பாவின் நானா, எங்கள் பெரியப்பா, வீட்டுக்கே வந்து, மகளை வைத்துக்கொள்வது சரி, மகன்மாரையும் ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டார். பள்ளிவாசல் மௌலவி வாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, என்னுடைய பிள்ளைகளே ஸ்கூலுக்குத்தானே போகிறார்கள், மார்க்கம் இதைக் கேட்கவில்லையே என்று சொன்னதாகவும் கேள்வி. யார் என்ன சொன்னாலும் வாப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். மூன்று பேரும் ஒன்றாகத்தான் படிப்பார்கள், வீட்டில்தான் படிப்பார்கள் என்றார்.

எங்கள் வகுப்பறை முன்னறை. பழைய அலுமாரிக் கதவொன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசிப் பலகையாக்கியிருந்தார்கள். காலையில் குர்ஆன் ஓதல். பிறகு உம்மாவின் தமிழ்ப் பாடமும் சுற்றாடல் பாடமும். உம்மா பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தவர். கையெழுத்து அழகாக இருக்கும். அடுப்பில் குக்கர் மூன்று தடவை கூவினால் இடைவேளை. பருப்பு வேகத் தாமதமாகும் நாட்களில் பாடம் நீண்டது. கணக்குக்கு வாப்பாவிடம் கடைக்குப் போக வேண்டும். அவர் கொப்பியில் எதையும் எழுதச் சொல்ல மாட்டார். ஈர மிளகு இவ்வளவு, காய்ந்தால் எவ்வளவு நிற்கும் என்று வாயால் கேட்பார். நானா வாயாலேயே சொல்வார், பெரும்பாலும் சரியாக. நான் கடுதாசி தேடிக்கொண்டிருப்பேன்.

மாமாவுக்கு டவுனில் ஒரு போன் கடை. வியாழக்கிழமைகளில் மோட்டார்சைக்கிளில் வருவார். ஆங்கிலப் புத்தகம் எதுவும் கைவசமில்லாததால் போன் பெட்டிகளில் அச்சிட்டிருந்ததைக் கற்பித்தார். ஈரத்தில் வைக்க வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், இந்தப் பொருளைத் தீயில் போடக் கூடாது என்பதையெல்லாம் நாங்கள் மூவரும் ஆங்கிலத்தில் தடையில்லாமல் சொல்லுவோம். உங்கள் பெயர் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம்.

ஓதலில் நானாவை யாரும் நெருங்க முடியாது. வாப்பா ஒரு பக்கத்தை இரண்டு தடவை ஓதிக் காட்டினால் போதும். மூன்றாம் தடவை நானா கண்ணை மூடிக்கொண்டு ஓதுவார்; நீட்டல் குறுக்கல் ஒன்றும் பிசகாது. அந்த நேரத்தில் வாப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த முகம் எப்போதும் கிடைத்ததில்லை. நான் எழுத்துக்கூட்டி வேகமாக ஓதினால், அவசரப்படாதே மகள் என்பார், அவ்வளவுதான்.

தமிழ்ப் பாடத்திலும் எனக்கு ஒரு முறைப்பாடு இருந்தது. உம்மா முதலில் பாடத்தைத் தானே சத்தமாக வாசிப்பார். பிறகு நான், பிறகு தம்பி, கடைசியாக நானா. ஒரு நாளும் இந்த ஒழுங்கு மாறவில்லை. என் முறையை மாற்றிக் கடைசியாகத் தரும்படி இரண்டு தடவை கேட்டேன். உம்மா காது கேட்காததுபோல் பலகையைத் துடைத்தார். மூன்று பேர் வாசித்த பிறகு வாசிப்பது யாருக்கும் முடிந்த காரியம், அதற்கு எதற்கு உம்மா நானாவை மெச்ச வேண்டும் என்று எனக்குக் கோபம் வரும். நானா விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு, முழுப் பாடத்தையும் அமைதியான குரலில் சொல்லி முடிப்பார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் கிராம சேவகர் வந்தார். சிங்கள மனிதர், வாப்பாவுக்குப் பழக்கமானவர். கடை வாசலில் நின்றே பேசினார். படிக்கிற வயதுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது முதலாளி, யாரோ முறைப்பாடு எழுதிப் போட்டிருக்கிறார்கள், கல்விக் காரியாலயத்திலிருந்து ஆள் வரும், வீட்டில் ஒழுங்காகப் படிப்பு நடப்பதைக் காட்டாவிட்டால் திருப்பி ஸ்கூலுக்கு அனுப்பத்தான் வேண்டியிருக்கும் என்றார். நான் மிளகுப் பாய்க்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். கடைசி வாக்கியம் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமை கல்விக் காரியாலயத்து சேர் வந்தார். மாத்தளை டவுன் தமிழர்; கண்ணாடி போட்டவர், கையில் பைல். மரியாதையான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வாப்பா கதிரையைத் துடைத்துப் போட்டார். உம்மா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். சேர் பலகையைப் பார்த்தார், கொப்பிகளைப் புரட்டினார், உம்மாவின் நேர அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

தம்பி பெயரெழுதி, இருபது வரை கூட்டிக் கழித்துக் காட்டினான். நான் ஐந்தாம் தரப் புத்தகத்தில் அவர் காட்டிய பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். அவர் புன்னகைத்தார். கடைசியாக நானா. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா, இந்த வாரம் படித்த பாடம் பதினொன்று சேர் என்று சொன்னார். சேரும் அந்தப் பக்கத்தையே எடுத்துக் கொடுத்தார்.

நானா வாசித்தார். ஏரியைக் காவல் காத்த ஒருவரைப் பற்றிய பாடம். விரல் வரியோடு நகர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். பக்கம் முடிகிற சொல்லில் சரியாகப் பக்கத்தைப் புரட்டினார். சேர் இரண்டாம் பக்கத்தின் நடுவில் கையை உயர்த்தி, போதும் என்றார்.

“பெரிய மகன் நல்லா வாசிக்கிறாரு முதலாளி. தங்கச்சியைவிட நிதானம். அவசரமில்லாம, அர்த்தம் புரிஞ்சு வாசிக்கிறாரு.”

அவர் பைலைத் திறந்து பேனாவை எடுத்தார். வாப்பாவின் தோள் மெல்லக் கீழே இறங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது, இனி இந்த அலுமாரிக் கதவுக்கு முன்னால்தான் என் பரீட்சை வருடம் கழியும் என்று எனக்குத் தெரிந்தது. அதோடு, தங்கச்சியைவிட நிதானம் என்ற வார்த்தை. இரண்டில் எது என்னைப் பேச வைத்தது என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். இரண்டும்தான்.

“சேர், நானா வாசிக்கல்ல. பாடமாக்கிச் சொன்னது. வேற பக்கம் குடுத்துப் பாருங்க.”

யாரும் என்னைத் திட்டவில்லை. பெரிய வீதியில் ஒரு லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. சேர் என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் பின்பக்கமாக எங்கேயோ பிரித்து நானாவின் கையில் கொடுத்தார். அதில் அவருக்கு விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

நானா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலை முதல் வரியில் வைத்தார். விரல் நகரவில்லை. உதடு ஒரு தடவை அசைந்தது. நெற்றியில் வியர்வை. பிறகு புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

“எனக்கு வாசிக்க ஏலா சேர்.”

அவர் அதை அழாமல்தான் சொன்னார். வாப்பா எங்களை உள்ளே போகச் சொன்னார். உம்மா என் தோளைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போனார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, நானாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். முன்னறையில் வாப்பாவும் சேரும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். வாப்பாவின் குரல் ஒரு இடத்தில் உடைந்ததுபோல் கேட்டது. அவருக்குத் தடிமன் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது சேர் திரைச்சீலைக்கு வெளியே நின்று, பெரிய மகனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானா வெளியே வந்ததும் அவருடைய தலையில் கை வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் நான் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நானா வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

“ஒனக்கு எக்ஸாம் எப்ப?”

அடுத்த தவணையில் என்றேன்.

“பாஸானா என்ன கெடைக்கும்?”

நான் சொன்னேன். டவுன் பள்ளிக்கூடம், அங்கே இருக்கிற நூலகம், பேப்பரில் வரும் படம், அந்தப் படத்துக்கு எப்படி நிற்பேன் என்பது உட்பட. முதலில் தயக்கத்தோடு தொடங்கி, பிறகு நிறுத்த முடியாமல் சொன்னேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நானா எழுந்து, வாப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாப்பா மறுபடி எங்களைப் பாயில் உட்கார வைத்தார். தொப்பியைக் கழற்றிப் போட்டார். நாளையிலிருந்து மூன்று பேரும் ஸ்கூலுக்குப் போகிறீர்கள் என்றார். இந்தத் தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. தம்பி முகத்தைச் சுருக்கினான். நான் நானாவைப் பார்க்காமல் எழுந்து ஓடிப்போய் என் புத்தகப் பையைத் தட்டினேன். உம்மா பகல் முழுவதும் எங்கள் வெள்ளை உடுப்புகளின் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கிக்கொண்டிருந்தார். கல்விக் காரியாலயம் கட்டளை போட்டுவிட்டது, வாப்பாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நான் தம்பிக்கு விளக்கினேன். என்னால்தான் இது நடந்தது என்ற பெருமையை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். படமும் வந்தது, முத்திரை அளவில், யாருடையது என்று சொன்னால்தான் தெரியும். நானா மேலும் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனார். வாப்பா அதிபரிடம் பேசி அவரை அவருடைய வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தார். அதனால் அவமானம் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் டவுனுக்குப் போய்விட்டேன். சட்டப்படி நிறுத்தலாம் என்ற வயது வந்ததும் நானா நின்றுவிட்டார். குர்ஆன் முழுவதையும் கேட்டே மனனம் செய்தார். இன்று கலேவெலயில் அவருக்குச் சொந்தக் கடை. மிளகைக் கையில் அள்ளி உலுக்கிப் பார்த்தே அதில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார். நோன்பு மாதத்தில் அங்குள்ள பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை நடத்துவது அவர்தான். எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பியதில்லை. குரல்தான் அனுப்புவார். நானும் குரலிலேயே பதில் சொல்வேன்.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா இத்தாவில் இருந்தபோது, நான் குருநாகலிலிருந்து வந்து சில வாரம் அவரோடு தங்கினேன். கணவனை இழந்த பெண் வெளியே போகாமல், வருகிறவர்களையும் குறைத்துக்கொண்டு இருக்கிற காலம் அது. பேச நிறைய நேரம் இருந்தது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, வாப்பா நல்லவர்தான், ஆனால் மார்க்கத்தின் பெயரால் அந்த ஐந்து மாதம் என் படிப்போடு விளையாடினார் என்று சொன்னேன். குற்றமாகச் சொல்லவில்லை. கனிவோடுதான் சொன்னேன். நான் நெடுநாள் முன்பே அவரை மன்னித்துவிட்டதாக எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

உம்மா கீரைத் தண்டை முறித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“வாப்பா பொய் சொல்லல்ல மகள். சொன்னதையெல்லாம் நம்பித்தான் சொன்னது. ஆனா அதுக்கு முன்னுக்கு நானா இருந்தார்.”

தம்பி சாப்பாட்டில் வைத்து அதைச் சொன்ன மறுநாள் வாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனாராம். வகுப்புக்கு வெளியே ஜன்னலில் நின்று பார்த்தாராம். யாரிடமும் பேசாமல் திரும்பி வந்து கடையைத் திறக்காமல் இருந்தாராம். நானாவை மட்டும் நிறுத்தினால் மூளை இல்லாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று ஊர் சொல்லும். மூன்று பேரையும் நிறுத்தினால், அந்த மனிதருக்கு மார்க்கப் பைத்தியம் என்று சொல்லும். இரண்டாவதை வாப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார்.

“அப்ப அந்த சேர் கட்டளை போட்டதால எங்கள திருப்பி அனுப்பல்லயா?”

உம்மா இல்லை என்று தலையாட்டினார். அந்த சேர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, வருடம் முடியும்வரை வீட்டிலேயே படிக்கட்டும், நான் ஏதாவது எழுதிக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாராம். மகளையாவது பரீட்சைக்கு அனுப்புங்கள் என்று கேட்டாராம். இரண்டு பேரை அனுப்பி ஒருவனை வைத்திருக்க என்னால் முடியாது என்று வாப்பா மறுத்திருக்கிறார். அன்று அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில் நானாதான் கேட்டாராம், நான் போறேன் வாப்பா, தங்கச்சிக்கு எக்ஸாம் இரிக்கி என்று. வாப்பா வேண்டாம் என்றாராம். அடுத்த மூன்று நாளும் நானா அதையே கேட்டாராம். கடைசியில் வாப்பா ஒத்துக்கொண்டபோது, தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். வாப்பா மௌத்தாகும்வரை சொல்லவில்லை.

நான் மீதிக் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. மழை பெய்து விட்டிருந்தது. பெரிய வீதியின் ஓரமாக மூன்று பேரும் நடந்தோம். நான் முன்னால், கிட்டத்தட்ட ஓட்டம். நானா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு பின்னால் வந்தார். பள்ளிக்கூட வாசல் வளைவு தெரிகிற திருப்பத்தில் நான் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் நின்றிருந்தார். தம்பி கையை இழுத்துக்கொண்டிருந்தான். நான் அங்கிருந்தே, மணி அடிக்கப் போகிறது, கெதியாக வாருங்கள் என்று கத்தினேன். நானா தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். அவருடைய சப்பாத்து சின்னதாகிவிட்டது, அதுதான் நடக்க முடியாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலுக்குள் ஓடினேன்.